இருபது ரூபாயும் ஒரு கையெழுத்தும்

(பாளையங்கோட்டையில் ஒரு ஞாயிறு மாலை நடந்த வாலிபர் கூட்டத்தில் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



போன மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் டீக்கடைப் பக்கம் கிளம்பிய சமயத்தில் ஒரு தம்பி என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "அண்ணாச்சி, ஒரு விஷயம் கேக்கணும். தப்பா நெனைக்கக் கூடாது" என்றான். அவன் பேரைச் சொல்லப் போவதில்லை. இந்தக் கூட்டத்திலேதான் உட்கார்ந்திருக்கிறான். அவன் சம்மதம் பெற்றே பேசுகிறேன்.

அவன் பி.ஏ. படித்தவன். தகப்பனார் இல்லை. தாயார் பீடி சுற்றுகிறார். படித்து முடித்ததும் வேலைவாய்ப்புக் காரியாலயத்தில் பதிந்தான். ஐந்து வருஷம் காத்திருந்தான். ஐந்து வருஷம் காத்திருந்தவனுக்குத்தான் சர்க்கார் உதவித்தொகை கொடுக்கும் என்பது விதி. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். அந்தப் பணம் அவனுக்கு வருகிறது.

அதோடு இன்னொரு காரியமும் செய்கிறான். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வந்து விழும் மேஜை விசிறி, மிக்ஸி இவற்றை வாங்கி வருவான். காயில் எரிந்திருந்தால் புதிதாகச் சுற்றுவான். கண்டென்சர் போயிருந்தால் மாற்றுவான். துடைத்து, கொஞ்சம் வர்ணம் பூசி, தெரிந்தவர்களிடம் விற்பான். இப்போது செல்போனில் படம் போட்டும் விற்கிறான். 2011 முதல் சர்க்கார் வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்த மிக்ஸியும் விசிறியும்தான் அதில் நிறைய. முத்திரை கூட அழியாமல் இருக்கும். ஆக, சர்க்கார் கொடுத்த சாமானை, சர்க்காரிடம் உதவித்தொகை வாங்குகிறவன், ஓட வைத்து விற்கிறான்! ஒரு மாதம் இரண்டு போகும், ஒரு மாதம் ஐந்து போகும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஒன்றும் போகாது.

உதவித்தொகை வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை சுய உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். எந்த உத்தியோகத்திலும் இல்லை, எந்தச் சுயதொழிலும் செய்யவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். "போடலாமா, கூடாதா அண்ணாச்சி?" இதுதான் அவன் கேள்வி.

பக்கத்தில் நின்ற இரண்டு தோழர்கள் காதில் இது விழுந்துவிட்டது. ஒருவர், "போடுலே, எவன் வந்து பாக்கப் போறான்?" என்றார். மற்றவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அது ஏமாத்து வேலை. நம்ம ஆள் செய்யப்படாது" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. ஒரு மாதம் தவணை கேட்டேன். அந்தப் பதிலைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். இரண்டு தோழர்களும் சொன்னது சரியில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த 600 ரூபாய் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 2006 இல் வந்தது. இன்று பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்பு தேறியவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மாற்றுத் திறனாளிகளுக்குக் கொஞ்சம் கூட. மற்றவர்களுக்கு மூன்று வருஷந்தான். அதற்கு மேல் கிடையாது. வயது 40க்குள் இருக்க வேண்டும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 45. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. என்ஜினீயரிங், மருத்துவம், சட்டம் முதலிய தொழிற்படிப்புப் படித்தவர்களுக்கு இதுவும் இல்லை. என்ஜினீயரிங் படித்துவிட்டு ஜவுளிக்கடையில் துணி மடிக்கிற பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

72,000 என்ற தொகையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். வீட்டில் ஐந்து பேர் என்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு 40 ரூபாய் கூட வராது. அதற்கும் கீழே இருக்கிற குடும்பத்துப் பட்டதாரிக்குச் சர்க்கார் கொடுப்பது நாளொன்றுக்கு 20 ரூபாய். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு 10 ரூபாய். ஜங்ஷனில் ஒரு டீ குடித்தால் அந்தப் பத்து ரூபாய் போயிற்று.

இந்த 20 ரூபாயை வாங்கிக்கொண்டு அவன் வேறு ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். இருந்தால்தான் யோக்கியன். எழுந்து ஒரு பழைய விசிறியை ஓட வைத்தால் அவன் பொய்யன். விதி சொல்லும் விஷயம் இதுதான்.

நம் அரசியல் சட்டத்தின் 41 ஆவது ஷரத்தைப் படித்துப் பாருங்கள். வேலை பெறும் உரிமைக்கும், வேலையில்லாத காலத்தில் பொது உதவி பெறும் உரிமைக்கும், தன் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு, சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால் அது வழிகாட்டும் கோட்பாடு. கோர்ட்டில் போய்க் கேட்க முடியாது என்று 37 ஆவது ஷரத்து சொல்லிவிடுகிறது. வலது கையால் கொடுத்ததை இடது கை வாங்கிக்கொண்டது. அந்தச் "சக்திக்கு உட்பட்டு" என்ற வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று நிதி மந்திரியே சொன்னார். அப்போது சக்தி இருந்தது.

ஆலைத் தொழிலாளிக்கு வேறு ஏற்பாடு உண்டு. இ.எஸ்.ஐ.யில் 2005 ஏப்ரல் முதல் ஒரு திட்டம், 2018 ஜூலை முதல் இன்னொரு திட்டம். இரண்டாவதில், வேலை போனவருக்குச் சராசரிச் சம்பளத்தில் 25 சதவீதம், 90 நாள் வரை, ஆயுளில் ஒரே ஒரு தடவை என்று வைத்தார்கள். கொரோனா வந்து கோடிக்கணக்கான ஜனங்கள் தெருவில் நடந்த பிறகு, 2020 இல், அதை 50 சதவீதமாக்கினார்கள். இதிலும் கையெழுத்து விவகாரம் இருக்கிறது. ஆலை மூடினாலோ ஆட்குறைப்பு நடந்தாலோ பணம் உண்டு. "விருப்ப ஓய்வு" என்று கையெழுத்துப் போட்டவருக்குக் கிடையாது. முதலாளிகள் ஏன் விருப்ப ஓய்வுத் தாளையே நீட்டுகிறார்கள் என்பது இப்போது விளங்குகிறதா?

நம் மலையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929 இல் 99 வருஷக் குத்தகைக்கு வாங்கிய மாஞ்சோலைத் தோட்டத்தில், குத்தகை முடியும் முன்பே, 2024 இல், தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுக் கடிதம் நீட்டப்பட்டது. நான்கு தலைமுறையாகத் தேயிலை பறித்த ஜனங்கள் மலையை விட்டு இறங்க யார் விருப்பப்பட்டார்கள்? தோட்டத்துச் சட்டம் வேறு, இ.எஸ்.ஐ. வேறு, அதைக் குழப்ப வேண்டாம். நான் காட்ட வந்தது ஒன்றுதான். ஏழையிடம் வாங்கப்படும் கையெழுத்தில், அவன் வாழ்க்கையில் உள்ளது ஒன்றாகவும் தாளில் உள்ளது வேறாகவும் இருக்கும்படி ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். பிறகு அந்தத் தாளை வைத்து அவனை மிரட்டுகிறார்கள்.

சரி, பழைய சாமான் விற்பதற்கு வருவோம். விற்பனை எல்லாம் ஒன்றல்ல. நம் பக்கத்தில் கலியாணத்துக்குச் சீராகக் கொடுக்கும் பாத்திரத்தில் பேர் வெட்டிக் கொடுப்பார்கள். பெண்ணின் பேர், கொடுத்தவர் பேர், சில சமயம் தேதியும் இருக்கும். பழைய பாத்திரக் கடையில் போய்ப் பித்தளைக் குடங்களைத் திருப்பிப் பாருங்கள். எத்தனை பேர்கள்! அந்தக் குடத்தை எடைக்குப் போட்டு அரிசி வாங்கினவள் வியாபாரமா செய்தாள்? அது இருப்பைத் தின்பது. வருமானம் என்று அதை எழுதுகிறவனுக்குக் கணக்கும் தெரியாது, வீடும் தெரியாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரவருணியில் வந்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. இங்கே வண்ணார்பேட்டை, சிந்துபூந்துறைப் பக்கமெல்லாம் வீட்டுக்குள் ஆறு புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பாதி ஜனங்கள் ஊறிப்போன பீரோவையும் குளிர்பெட்டியையும் எடைக்குப் போட்டார்கள். மறு பாதி அவற்றை வாங்கிக் காய வைத்துப் புழங்கினார்கள். நானே ஒரு கட்டில் வாங்கினேன், இன்றும் அதில்தான் படுக்கிறேன். அந்த மாதம் இந்த ஆற்றங்கரையில் பழைய சாமான் விற்காத ஏழை யார்?

நான் இப்படிச் சொல்வது உணர்ச்சிப் பேச்சு அல்ல. சர்க்காரின் சட்டமே இதை ஒத்துக்கொள்கிறது. 1961 ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தில், மூலதன ஆதாயத்துக்கு வரி போடும்போது, ஒருவர் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் துணிமணி, தட்டுமுட்டுச் சாமான் முதலியவற்றைச் சொத்துக் கணக்கிலிருந்து விலக்கி வைத்தார்கள். நகை, ஓவியம் மாதிரியானவைதான் விலக்கில் சேராது. அதாவது பணக்காரன் தன் பழைய சோபாவை விற்றால் அது ஆதாயம் இல்லை.

இன்னும் கேளுங்கள். ஜி.எஸ்.டி. விதிகளில், பழைய பொருள் வாங்கி விற்கிற பெரிய வியாபாரிக்கு என்று தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். வாங்கின விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டுமே வரி. பழைய கார் ஒன்றை 5 லட்சத்துக்கு வாங்கி 5 லட்சத்து 40 ஆயிரத்துக்கு விற்றால், 40 ஆயிரத்துக்கு மட்டும் கணக்கு. நஷ்டத்துக்கு விற்றால் கணக்கே இல்லை. நியாயமான விதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கார் வியாபாரிக்கு லாபத்தை மட்டும் பார்க்கத் தெரிந்த சர்க்காருக்கு, நம் தம்பி 250 ரூபாய்க்கு வாங்கி, 150 ரூபாய்க்குச் செம்புக் கம்பி போட்டு, இரண்டு நாள் உட்கார்ந்து, 600 ரூபாய்க்கு விற்ற விசிறியில் மிஞ்சியது 200 ரூபாய்தான் என்று பார்க்கத் தெரியவில்லை. அவனுக்கு "சுயதொழில்" என்ற ஒரு வார்த்தை போதும். எவ்வளவு, எத்தனை நாள், மிஞ்சியது என்ன என்ற கேள்வியே அங்கே இல்லை.

இன்னொரு வேடிக்கை. 2014 இல் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நடைபாதையில் விற்கிறவருக்கு நகரசபை சான்றிதழ் கொடுக்க வேண்டும், அது இருந்தால் போலீஸ் விரட்ட முடியாது. நல்ல சட்டம். ஆனால் நம் தம்பி ரத வீதி ஓரத்தில் விரிப்புப் போட அந்தச் சான்றிதழ் வாங்கினால் என்ன ஆகும்? ஒரு காரியாலயத்தில் அவன் வியாபாரி, இன்னொரு காரியாலயத்தில் வேலையற்றவன். போலீஸ் தடிக்குத் தப்ப வாங்கிய தாளே 600 ரூபாயைப் பறிக்கச் சாட்சியாகிவிடும். அதனாலேயே சான்றிதழ் வாங்காமல், மாமூல் கொடுத்துக்கொண்டு, பயந்து பயந்து விற்கிறவர்களை எனக்குத் தெரியும்.

உண்மையில் அவன் இரண்டும்தான். மார்க்ஸ் "மூலதன"த்தில் வேலையற்றோர் சேமப் பட்டாளத்தைப் பற்றி எழுதும்போது, தேங்கிக் கிடக்கும் பகுதி என்று ஒன்றைச் சொல்கிறார். அவர்கள் உழைப்பாளிகள்தான், ஆனால் வேலை ஒழுங்காகக் கிடைப்பதில்லை. இன்றைக்கு உண்டு, நாளைக்கு இல்லை. சர்க்கார் தாளில் இரண்டே கட்டம்: வேலை உண்டு, வேலை இல்லை. நம் ஜில்லாவில் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவே உள்ள கோட்டின் மேல் நிற்கிறார்கள். 2023 இல் தமிழ்நாட்டு வேலைவாய்ப்புக் காரியாலயங்களில் பதிந்து காத்திருந்தவர்கள் 60 லட்சத்துக்கு மேல். அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டா இருப்பார்கள்? இருந்தால் உயிரோடு இருப்பார்களா?

வெளிநாட்டில் இது எப்படி நடந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். இங்கிலாந்தில் 1911 சட்டப்படி வேலையற்றோர் இன்ஷ்யூரன்ஸ் வந்தது. சில குறிப்பிட்ட தொழில்களில் மட்டும், வாரம் 7 ஷில்லிங். 1931 இல் நெருக்கடி முற்றியபோது, இன்ஷ்யூரன்ஸ் காலம் தீர்ந்தவர்களுக்குக் குடும்ப வசதிச் சோதனை வைத்தார்கள். அதிகாரி வீட்டுக்குள் வந்து அலமாரியைத் திறந்து பார்ப்பார். மகன் சம்பாதித்தால் தகப்பன் உதவித்தொகை குறையும். மிச்சம் மீதி சாமான் இருந்தால், அதை விற்றுச் சாப்பிடு, பிறகு வா என்பார்கள். அன்றைக்கு அங்கே பழையதை விற்கச் சொல்லி விரட்டினார்கள். இங்கே பழையதை விற்றாயா என்று கேட்டு விரட்டுகிறார்கள்! கம்யூனிஸ்ட் தலைவர் வால் ஹானிங்டன் முன்னின்று நடத்திய வேலையற்ற தொழிலாளர் இயக்கம் 1932 இல் லண்டனுக்குப் பட்டினி யாத்திரை போனது. பத்து லட்சம் கையெழுத்துள்ள மனுவைப் பார்லிமெண்டில் கொடுக்க விடாமல் போலீஸ் பறித்துக்கொண்டது. இப்படிப் பல தலைமுறை மோதியதன் பலன்தான், அந்த நாட்டு விதிகள் இன்று சொந்தச் சாமானை விற்பதையும் லாபத்துக்கு வாங்கி விற்பதையும் வேறு வேறாகப் பார்ப்பது. சம்பாத்தியம் வந்தாலும் உதவியை ஒரேயடியாக அறுப்பதில்லை. 2021 முதல் பவுனுக்கு 55 பென்ஸ் வீதம் குறைக்கிறார்கள். ஜெர்மனியில் வேலையில்லா இன்ஷ்யூரன்ஸ் வாங்குகிறவர் வாரம் 15 மணிக்குக் குறைவாகச் சில்லறை வேலை செய்யலாம். மாதம் 165 யூரோ வரை அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் தெரியப்படுத்த வேண்டும். இவை முதலாளித்துவ நாடுகள், நினைவிருக்கட்டும். தானாக மனம் இரங்கிக் கொடுத்ததில்லை.

இப்போது "போடுலே" என்று சொன்ன தோழருக்கு. நீங்கள் அன்பினால் சொன்னீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் நம் தெருக்களில் மொட்டைக் கடுதாசி எழுதுகிறவன் இல்லாத தெரு எது? வாய்க்கால் தகராறு, வாடகைத் தகராறு, ஒரு பெண் விவகாரம், ஏதாவது ஒன்று போதும். நாளை இந்தத் தம்பி பீடிக் கம்பெனி வாசலில் கூலி உயர்வுக்குக் கொடி பிடித்தால், அந்தப் பொய்த் தாள் முதலில் யார் கைக்குப் போகும்? மூன்று வருஷமும் முழுசாக வாங்கினாலும் 21,600 ரூபாய். அந்த 21,600 ரூபாய்க்கு ஆயுள் முழுதும் ஒருவன் கையில் அகப்பட்ட ஆளாக இருப்பதா?

முகத்தைச் சுளித்த தோழருக்கும் ஒன்று. ஏமாற்று என்று சொல்ல உங்களுக்கு நாக்கு எப்படி வந்தது? ஐந்து வருஷம் காத்திருக்க வைத்து, 20 ரூபாய் கொடுத்து, பொய் சொன்னால்தான் சோறு என்கிற விதியை எழுதியது யார் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்காமல் தம்பியைக் கேட்டீர்கள்.

தம்பி, உனக்குச் சொல்கிறேன். வீட்டுப் பாத்திரத்தையோ, உன் பழைய சைக்கிளையோ, படித்து முடித்த புஸ்தகத்தையோ விற்றால் அது தொழில் இல்லை. வெட்கப்படவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். அண்டை வீட்டார் விசிறியைப் பழுது பார்த்துக் கொடுத்து டீக்குக் காசு வாங்கினாய் என்றால், அதையும் யாரும் தொழில் என்று சொல்ல முடியாது என்பது என் அபிப்பிராயம். ஆனால் நீ மாதா மாதம் விற்பதற்கென்றே வாங்குகிறாய். அது வியாபாரம்தான். சின்ன வியாபாரம், வயிற்றுக்குப் போதாத வியாபாரம். ஆனாலும் இன்றைய விதியில் உள்ள வார்த்தைக்குள் அது வந்துவிடுகிறது. ஆகவே "எந்தச் சுயதொழிலும் இல்லை" என்ற வரிக்குக் கீழே மௌனமாகக் கையெழுத்துப் போடாதே. ஒரு நோட்டுப் புஸ்தகம் போடு. வாங்கினது, செலவு, விற்றது, மிஞ்சினது எல்லாவற்றையும் தேதி போட்டு எழுது. அந்தக் கணக்கோடு ஒரு மனு எழுதுவோம்: என் நிலைமை இது, இவ்வளவு மிஞ்சுகிறது, எனக்குத் தகுதி உண்டா இல்லையா, எழுத்தில் பதில் தாருங்கள் என்று. பதில் வரும் வரை பத்திரம் கொடுக்க வேண்டாம்.

600 ரூபாய் நின்றுபோகலாம். நின்றுபோகாது என்று நான் பொய் ஆறுதல் சொல்ல மாட்டேன். தாயார் சுற்றும் பீடியில் அந்த ஓட்டையை அடைக்க வேண்டியிருக்கும். அதற்காக இரண்டு மாதம் நாம் என்ன செய்ய முடியும் என்று கமிட்டியில் பேசியிருக்கிறோம்.

ஆனால் அவன் ஒருவன் மனுக் கொடுத்தால் அது வாக்குமூலம் ஆகிவிடும். இருநூறு பேர் கொடுத்தால்தான் கோரிக்கை ஆகும். சொந்தச் சாமான் விற்பது சுயதொழில் அல்ல என்று பத்திரத்திலேயே அச்சடிக்க வேண்டும். ஒரு தொகை வரை சில்லறைச் சம்பாத்தியத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அதற்கு மேல் போனாலும் ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். தொழில் ஊன்றினபின் தானே விட்டுவிடுவான். தொகையை விலைவாசியோடு சேர்த்து உயர்த்த வேண்டும். மூன்று வருஷ வரம்பு போக வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறோம். வேலை கொடு என்ற பெரிய கோரிக்கை இருக்கவே இருக்கிறது, அதை யாரும் இறக்கி வைக்கவில்லை.

உதவித்தொகை வாங்குகிறவர்கள் மேலப்பாளையத்தில் இருக்கிறார்கள், பேட்டையில் இருக்கிறார்கள், வீரவநல்லூர் தறி வீடுகளில், முக்கூடல் பீடி வீடுகளில் இருக்கிறார்கள். பல பேர் இதையே பயந்துகொண்டு செய்கிறார்கள்: ஒருத்தி பழைய சேலை வாங்கி விற்கிறாள், ஒருவன் பழைய பாடப் புஸ்தகம் விற்கிறான். அவர்கள் வீட்டுக்குப் போகும்போது பேர், ஊர் முதலில் கேட்காதீர்கள். பயந்து கதவைச் சாத்திவிடுவார்கள். தம்பியின் நோட்டுப் புஸ்தகத்தைக் காட்டிப் பேச்சைத் துவக்குங்கள். அவனே கூட வருவதாகச் சொல்லியிருக்கிறான். அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேலப்பாளையத்தில் ஆரம்பிக்கிறோம். மனு மாதிரிகள் நூறு அச்சடித்திருக்கிறது, மேஜை மேல் இருக்கிறது. போகும்போது ஆளுக்கு ஐந்து எடுத்துக்கொள்ளுங்கள்.